எலும்பில் கட்டிய சாவி

மார்ச் 3, திங்கள்

காலையில் துறைக்குள் நுழையும்போதே கேசரி வாசம். எங்கள் விலங்கியல் துறையில் ஃபார்மலின் வாசம்தான் வரும். கேசரி மணந்தால் யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது, எனக்கு இல்லை என்று அர்த்தம்.

அட்டெண்டர் கோமதிநாயகம் தட்டை நீட்டினார். "எடுத்துக்கிடுங்க மேடம். நம்ம சாருக்கு வெளிநாட்டுக்காரன் பரிசு குடுத்திருக்கானாம். ஒண்ணுக்கு அடக்குறதப் பத்தி ஆராய்ச்சியாம்லா. சாரா இப்படில்லாம் யோசிச்சாவ?"

சார் யோசிக்கவில்லை, நான்தான் யோசித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கேசரியை வாயில் போட்டுக்கொண்டேன். முந்திரி இல்லை.

"ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அடக்கினால் என்னதான் ஆகும் என்று நான் சோதித்துப் பார்த்தேன். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு சொம்புத் தண்ணீர், மீதிப் பேருக்கு ஒரு மடக்கு. நன்றாக முட்டிக்கொண்டு வரும் நேரத்தில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இப்போது ஒரு கடலைமிட்டாய் வேண்டுமா, நாளைக்கு ஐந்து வேண்டுமா?" என்று கேட்டேன். தொண்டை மட்டும் நனைத்தவர்கள் இப்போதே கொடு என்று கையை நீட்டினார்கள். அடக்கிக்கொண்டு நின்றவர்கள், நெளிந்துகொண்டே, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார்கள். ஓரிடத்தில் கடிவாளத்தை இழுத்தால் உடம்பு எல்லா இடத்திலும் இழுத்துக்கொள்கிறது. மூத்திரத்தை அடக்குகிறவனுக்கு ஆசையும் அடங்கும், ஆத்திரமும் அடங்கும். இதுதான் என் முடிவு.

கட்டுரையை எழுதித் துறைத்தலைவர் என்ற மரியாதைக்கு நல்லபெருமாள் சாரிடம் கொடுத்தேன். "பாத்துத் தாறேன் மேடம்" என்றார். பார்த்தார். அச்சில் வந்தபோது மேலே அவர் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், "உதவிய துறை ஊழியர்களுக்கு நன்றி."

அந்த ஊழியர் நான். பெயர் இசக்கியம்மாள்.

மார்ச் 4, செவ்வாய்

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் இரண்டாம் மாடியில் இருப்பது ஒரே ஒரு கழிவறை. பெண் ஆசிரியர்களுக்காகக் கட்டியது. கதவில் "மகளிர்" என்ற எழுத்து சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் லேசாகத் தெரியும். நல்லபெருமாள் சார் துறைத்தலைவர் ஆன வருடம், தனக்கு மூட்டுவலி, படி இறங்க முடியாது என்று உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துப் பூட்டுப் போட்டார். ஆண்கள் கீழ்த்தளத்துக்குப் போய்க்கொள்வார்கள். பெண்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மைதானத்தைத் தாண்டி விடுதிப் பக்கம் போக வேண்டும், போய் வருவதற்குள் அடுத்த வகுப்பு தொடங்கிவிடும். இன்னொன்று, சாரிடம் சாவி கேட்க வேண்டும்.

சாவி அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். யாரும் ஞாபகமறதியாக எடுத்துப் போய்விடக் கூடாது என்று அதை ஓர் ஆட்டுத் தொடை எலும்பில் கட்டியிருக்கிறார். ஆய்வகத்து எலும்பு, ஒரு சாண் நீளம். கைக்குள் மறையாது, முந்தானையில் ஒளியாது. தாழ்வாரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பையன்கள், "எலும்பு போகுதுலே" என்பார்கள்.

சாவி கேட்டால் சார் தலையைத் தூக்கமாட்டார். "என்ன மேடம், இப்பத்தானே போனீங்க?" என்பார். நாங்களும், "இல்ல சார், காலையில போனது" என்று கணக்கு ஒப்புவிப்போம். பதினாறு வருடமாக நான் ஒப்புவித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று மதியம் ஹெப்சிபா சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலைத் தொடவே இல்லை. போன ஜூனில் சேர்ந்த பெண், இப்போது ஐந்தாவது மாதம்.

"தண்ணி குடிம்மா."

"குடிச்சா கேக்கணுமே மேடம். கேக்க ஒரு மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து அவள் முன்னால் டொக்கென்று வைத்தேன். அவள் பயந்து இரண்டு மடக்கு குடித்தாள். நானும் ஐந்தாவது மாதத்தில் இதையேதான் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

புளி தீர்ந்துவிட்டது. அடிவயிற்றில் மறுபடியும் சுருக்கென்கிறது, வெயிலாக இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

பத்திரிகையில் சாரின் பேட்டி. தாமிரபரணிக் கரையில் விடியற்காலை தியானத்தில் இருந்தபோது இந்த ஆராய்ச்சி மனத்தில் உதித்ததாம். மூட்டுவலிக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்ததே பெரிய ஆராய்ச்சிதான்.

கூடவே பரிசு பெற்ற மற்றவர்கள் பட்டியலும் வந்திருக்கிறது. உடம்பைப் பற்றிய கோணங்கி ஆராய்ச்சிகளுக்கென்றே அந்த வெளிநாட்டுச் சங்கம் பரிசு கொடுக்கிறது. ஒருவர் தன் தொப்புளில் சேரும் பஞ்சை வருடக்கணக்கில் எடுத்து, எந்த நிறச் சட்டைக்கு எவ்வளவு பஞ்சு என்று கண்டுபிடித்திருக்கிறார். ஒரு குழு, தூக்கத்தில் எச்சில் ஒழுகுகிறவர்கள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தலையணை உறைகளைச் சேகரித்திருக்கிறது. கணவனும் மனைவியுமாக இருவர், அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினால் யாருக்குக் கோபம் முதலில் வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். விவாகரத்தாகாமல் பரிசும் வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பைத்தியங்களோடு என் பெயரும் இருந்திருக்க வேண்டும். எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவர் அறைக்கே போய்க் கேட்டேன்.

"உங்க உழைப்பும் இருக்கு மேடம், யாரு இல்லேன்னா? துறைன்னா குடும்பம்லா. குடும்பத்துல என் பேரு, உன் பேருன்னு பாப்பமா?"

குடும்பத்தில் பெயர் அப்பாவுக்கு, பாத்திரம் கழுவுவது அம்மாவுக்கு. வெளியே வரும்போதுதான் ஞாபகம் வந்தது, எனக்குச் சாவியும் வேண்டியிருந்தது. திரும்பிப் போய்க் கேட்க மனமில்லை. கடைசி வகுப்புவரை அடக்கிக்கொண்டேன். வகுப்பில் ஒரு பையனைக்கூடத் திட்டவில்லை, என் முடிவு சரிதான்.

மார்ச் 14, வெள்ளி

எனக்கு என்ன வேண்டும் என்று இன்று தெளிவாகிவிட்டது. பரிசு வேண்டாம். சமாதானமும் வேண்டாம். அவருக்கு முட்டிக்கொண்டு வர வேண்டும். சாவி என் கையில் இருக்க வேண்டும். அவர் என் முன்னால் வந்து நின்று கேட்க வேண்டும். நான் தலையைத் தூக்காமல், "என்ன சார், இப்பத்தானே போனீங்க?" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். "என்ன சார்" என்பதில் கொஞ்சம் அலுப்பு சேர்த்தால் அப்படியே அவர் குரல் வருகிறது.

"யார்கிட்ட இசக்கி பேசுத?" என்றார் வீட்டுக்காரர்.

"பல்லுல என்னமோ மாட்டிக்கிட்டு."

அவர் ஒரு நிமிடம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார். மின்வாரியத்தில் இருப்பவர், எங்கே ஷாக் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மார்ச் 19, புதன்

ஹெப்சிபாவுக்குக் காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே. மாத்திரையோடு வந்தவள் இன்று காலையிலேயே இரண்டாம் முறை சாவி கேட்கப் போனாள். நானும் அறையில் இருந்தேன்.

சார் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, கூடுதலாக, "பிள்ளைக்கு வாங்குத டயாப்பர்ல ரெண்டு உனக்கும் சேத்து வாங்கிருமா" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஹெப்சிபாவும் சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை.

நான் நேரே கல்லூரி முதல்வரிடம் போனேன். பூட்டை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"மேடம், நல்லபெருமாள் சார் இப்ப இன்டர்நேஷனல் ஆளு. இந்த நேரத்துல ஒரு பாத்ரூமுக்காக நான் போயி பேசினா நல்லாவா இருக்கும்? பாராட்டு விழா முடியட்டும், பாப்போம்."

பாராட்டு விழா ஏப்ரல் ஒன்பதாம் தேதி, எங்கள் மாடிக் கூடத்திலேயே. வேலைகளைப் பிரித்துவிட்டார்கள். வரவேற்புரை ஓர் ஆண், வாழ்த்துரைகள் எல்லாம் ஆண்கள், சிற்றுண்டியும் நன்றியுரையும் இசக்கி மேடம். பசியோடு எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில் பேசுவதற்கு எப்போதும் ஒரு பெண்ணைப் போடுவார்கள். போடட்டும்.

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்காரரின் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தண்ணீராகப் போகும். டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். திரும்ப வைத்துவிட்டேன். மாத்திரை கலந்தால் அது குற்றம். பதநீர் கொடுத்தால் அது உபசாரம்.

சாருக்குப் பதநீர் என்றால் உயிர். அதுவும் ஓசி என்றால் ஊற்றிக் கொடுக்கும் ஓலைப் பட்டையையும் சேர்த்துத் தின்பார்.

திட்டம் இதுதான். காலையிலேயே சாவியை வாங்கித் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது. பதநீர், இளநீர், டீ, தர்ப்பூசணிச் சாறு என்று வரிசையாக ஊற்றுவது. மேடையில் உட்கார வைத்துவிட்டால் இறங்க முடியாது. ஏற்புரை பேசும்போது உளறுவார், நெளிவார், பாதியில் ஓடுவார். ஓடி வந்தால் கதவு பூட்டியிருக்கும். மூட்டுவலியோடு கீழே இறங்க முடியாது. என்னிடம்தான் வர வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

ஒத்திகை. வீட்டுக்காரருக்குப் பதநீர் இரண்டு பட்டை, ஓர் இளநீர், மேலே ஒரு டீ. பிறகு குளியலறையில் பினாயில் ஊற்றியிருக்கிறேன், போகாதீர்கள் என்று உட்கார வைத்தேன். நன்றாக வேலை செய்தது. காலை மாற்றி மாற்றிப் போட்டார். நெற்றியில் வேர்வை.

அந்த நேரம் பார்த்து, புது மிக்சி இன்றைக்கே வாங்கலாமா என்று கேட்டேன். எப்போதும் எரிந்து விழுவார். இன்று சாந்தமாக, "அவசரம் வேண்டாம் இசக்கி, ஆடித் தள்ளுபடிக்கு வாங்குவோம், அப்ப நல்லதாவே வாங்கலாம்" என்றார். அவ்வளவு பொறுமை, அவ்வளவு பக்குவம். என் ஆய்வு வீட்டிலும் பலிக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பினாயில் வாடை போய்விட்டது என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ஹெப்சிபாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். அவள் கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கிருமி முழுசாகப் போகவில்லை, இன்னொரு வாரம் மாத்திரை.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீ இசக்கிதானே? அந்தக் காலேஜ்தானே நீயும்? இப்பவாவது தண்ணி குடிக்கியா?"

"குடிக்கேன் டாக்டர்."

"மூஞ்சியப் பாத்தா தெரியலையே. ஒரு ஸ்கேன் எடு."

விழா முடியட்டும் என்றேன். ஹெப்சிபா வெளியே வந்ததும், "உங்களையும் அவங்கதான் பாத்தாங்களா மேடம்? எப்ப?" என்றாள். பழைய கதை என்று சொல்லி ஆட்டோவைக் கூப்பிட்டேன். அந்த டாக்டரம்மாவுக்கு இவ்வளவு ஞாபகசக்தி தேவையில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதநீர்க்காரரிடம் சொல்லியாகிவிட்டது. பச்சைச் சேலையை இஸ்திரி போட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் சார் புதுச் சட்டையில் மணமாக உட்கார்ந்திருந்தார். சாவி கேட்டேன். "என்ன மேடம், வந்ததும் வராததுமாவா?" என்றார். இன்றைக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை அவருக்கு. எலும்போடு வாங்கிச் சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஹெப்சிபாவிடம், "இன்னைக்கு எத்தன தடவ வேணும்னாலும் எங்கிட்ட வா, தண்ணி நல்லா குடி" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் குடித்தாள்.

பதநீர் வந்தது. மாங்காய்த் துண்டு போட்டு ஒரு பட்டை குடித்தார். ருசி பார்க்க இன்னொன்று. சிறப்பு விருந்தினர் வந்ததும் மரியாதைக்கு இருவருக்கும் இளநீர். அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற பேராசிரியர், பஞ்சுத் தலை, கூர்மையான கண். இளநீரைப் பாதியில் வைத்துவிட்டார். நம் சார் வைப்பாரா? டீ. மேடையில் தர்ப்பூசணிச் சாறு.

"குடிங்க சார், வெயிலு கொளுத்துது."

"இசக்கி மேடத்த மாதிரி உபசரிக்க ஆளு கிடையாது" என்று விருந்தினரிடம் சொன்னார்.

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முதல்வர் உரை. பிறகு ஒவ்வொரு துறையும் வந்து பொன்னாடை. எங்கள் கல்லூரியில் துறைக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது பொன்னாடையில் சார் காலைச் சேர்த்து வைத்தார். வணிகவியல் துறை வந்தபோது கண்ணை மூடித் திறந்தார். எனக்குள் பட்டாசு வெடித்தது. அதோ வருகிறது, அதோ வருகிறது என்று முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றேன். நான்காவது வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

ஏற்புரைக்கு எழுந்தார். சாதாரணமாக மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம், அதில் முக்கால் மணி நேரம் சுயபுராணம், மீதி பெண்களைப் பற்றிய நகைச்சுவை. இன்று இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிதானமாகப் பேசினார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையில்லை. இது தனக்குக் கிடைத்ததல்ல, கல்லூரிக்குக் கிடைத்தது என்றார். கடி ஜோக் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைத்தார். ஐந்து நிமிடத்தில் முடித்துக் கும்பிட்டார். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. விருந்தினர் பக்கத்தில் இருந்தவரிடம், "எவ்வளவு பக்குவமான மனுஷன்!" என்றது எனக்கே கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிக்சி! ஆடித் தள்ளுபடி! அடக்குகிறவனுக்கு எல்லாமே அடங்கும் என்று கண்டுபிடித்தவளே நான்தானே? உளறுகிற மனிதனைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பெரிய மனிதனாக்கிவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே போட்டு உடைத்தேன். அந்தப் பரிசைச் சிரிப்புப் பரிசு என்கிறார்களே, அதை இப்போதுதான் சரியான ஆளுக்கு, எனக்கு, கொடுக்கலாம்.

விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். அடுத்தது நான்தான். எனக்கும் காலையிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது, பரபரப்பில் கவனிக்கவில்லை. நன்றியுரைத் தாளில், "இன்சுவை நீர் பருகி" என்றெல்லாம் வழக்கம்போல எழுதி வைத்திருந்தேன். அதை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம், வம்பு வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும்தான் சந்தேகம் வந்தது. இது நான் நினைப்பதா, என் அடிவயிறு நினைப்பதா?

பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பூட்டைத் திறந்து உள்ளே போய், யாரும் கதவைத் தட்டாமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. பதினாறு வருடக் கடிவாளமும் கழன்றுவிட்ட மாதிரி இருந்தது. தாளை மடித்துப் பைக்குள் போட்டேன்.

நன்றியுரைக்கு ஒரு வசதி உண்டு. யாரும் குறுக்கே பேச முடியாது. அதற்குப் பிறகு நாட்டுப்பண் இருப்பதால் யாரும் எழுந்தும் போக முடியாது, அதிலும் மாலை போட்டிருப்பவர் போகவே முடியாது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். "இந்த ஆய்வை நான் தொடங்கினப்ப முதல்ல தண்ணி குடிச்ச மாணவர்களுக்கு நன்றி" என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். "நான்" என்றதும் கூடத்தில் சலசலப்பு. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "ஆமா, மேடம்தான் கடலைமிட்டாய் குடுத்தாங்க" என்றான். சிரிப்பு. சார் முகத்தில் சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. அவரால் ஒரே ஒரு வேலையைத்தான் பார்க்க முடிந்தது.

"என் கட்டுரையைத் தன் பெயரில் சுமந்த நல்லபெருமாள் சாருக்கு நன்றி. அவரு இல்லேன்னா இந்த யோசனையே எனக்கு வந்திருக்காது. எப்படின்னு சொல்லுதேன்." பூட்டைச் சொன்னேன். எலும்பைச் சொன்னேன். பையிலிருந்து எடுத்து மைக் பக்கத்தில் தூக்கிக் காட்டினேன். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முதலில் ஒரு கைதட்டல், பிறகு மொத்தமாக.

சார் பாதி எழுந்தார்.

"உக்காருங்க சார், உங்களுக்கு இன்னும் நன்றி சொல்லி முடிக்கல."

உட்கார்ந்தார். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தோட்டக்காரருக்கு நன்றி சொன்னேன். ஒலிபெருக்கிக்காரருக்கு, நாற்காலி போட்டவருக்கு, பனையேறியவருக்கு, தர்ப்பூசணி விளைந்த மண்ணுக்கு நன்றி சொன்னேன். தாமிரபரணியின் பெயரைச் சொல்லி, பாபநாசத்தில் தொடங்கி, அருவியாக விழுந்து, அணையில் தேங்கி, மதகு திறந்து சலசலவென்று ஓடி வரும் அழகை விவரித்து அதற்கும் நன்றி சொன்னேன். சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வஞ்சம் தீர்ப்பது பாவம் என்கிறார்கள். இவ்வளவு இனிப்பாக இருக்கிறதே, பாவம்தான் போல.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"கடைசியா, இந்த ஆய்வுல கலந்துக்கிட்ட முதல் ஆளுக்கு நன்றி. ரெண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்ட். அன்னைக்குச் சாவி கேட்டேன். இப்பத்தானே போனீங்கன்னாவ. அடக்கிக்கிட்டு வகுப்புக்குப் போனேன். அப்படி ரொம்ப நாளு. காய்ச்சல் வந்துச்சு, கிருமி உள்ள ஏறிட்டுன்னாங்க. அஞ்சு மாசம். தங்கல. பேரு வைக்கல. அதுக்கும் நன்றி."

யாரும் கைதட்டவில்லை. ஹெப்சிபா வயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நான்காவது வரிசையைப் பார்க்கவில்லை. நாட்டுப்பண் என்றேன்.

முடிந்ததும் சார் நேராக என்னிடம் வந்தார். கழுத்தில் மாலை, தோளில் அடுக்காகப் பொன்னாடை, முகம் மஞ்சள்.

"மேடம்… சாவி."

பதினாறு வருடம். தலையைத் தூக்காமல் சொன்னேன். அலுப்புகூடச் சரியாக வந்தது.

"என்ன சார், இப்பத்தானே போனீங்க?"

நான் எதிர்பார்த்தது, அவர் முகம் மாறும், புரிந்துகொள்வார், வெட்கப்படுவார். மேடையில் அவ்வளவு சொன்ன பிறகும் அது தன் வாக்கியம் என்று அவருக்கு உறைக்கவில்லை. குழந்தை மாதிரி என்னைப் பார்த்து, அவசரமாக, கெஞ்சலாக, "இல்ல மேடம், காலையில போனது" என்றார்.

எங்கள் பதில். அட்சரம் பிசகாமல்.

எலும்பைக் கொடுத்தேன். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாலை ஆட, மூட்டுவலிக் காலைத் தேய்த்துத் தேய்த்து, பையன்களுக்கு நடுவே தாழ்வாரத்தில் போனார். "எலும்பு போகுதுலே" என்று எவனோ சொன்னான். போய்ச் சேர்ந்தாரா, வழியிலேயே ஆனதா என்று நான் பார்க்கவில்லை. கோமதிநாயகம் பிறகு வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போனார்.

விருந்தினர் என் பெயரைக் கேட்டு, இனிஷியலோடு எழுதிக்கொண்டார்.

வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். ஆற்றுப் பாலத்தில் ஏறியதும், திரும்பாமலே, "பேரு வைக்கலன்னு சொன்னியே" என்றார். "நான் வச்சிருந்தேன். உங்கிட்ட சொல்லல."

அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன். என்ன பெயர் என்று கேட்க வாய் வரவில்லை. ஆசை தீரப் பழி வாங்கிய நாள். ருசித்தது. ஆனால் வயிறு நிறையவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பூட்டைக் கழற்றிவிட்டார்கள். முதல்வர் உத்தரவாம். விருந்தினர் போன் போட்டு ஏதோ கேட்டாராம். ஹெப்சிபா இன்று யாரையும் கேட்காமல் எழுந்து போனாள், வந்தாள். சார் லீவு.

எனக்கும் ஓர் உத்தரவு வந்திருக்கிறது. நன்றியுரையில் வரம்பு மீறியதற்கு விளக்கம் வேண்டுமாம். ஊற்றிய பதநீருக்கு விளக்கம் கேட்கவில்லை, நல்லவேளை.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தேன். வலது சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதாம். இடது பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. எங்கள் துறை மாதிரிதான், ஒருவர் வேலையை இன்னொருவர் பார்ப்பது. வீட்டுக்காரர் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு காவல்.

ஏப்ரல் 28, திங்கள்

கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலிருந்து கடிதம். விருந்தினர் எழுதிக் கேட்டதில் விசாரித்திருக்கிறார்கள். கட்டுரையைத் திருத்தி மறுபடியும் வெளியிடுகிறார்களாம், என் பெயரில். நன்றிப் பகுதியை நானே எழுதி அனுப்ப வேண்டும்.

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது வீட்டுக்காரரிடம் அந்தப் பெயரைக் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். நல்ல பெயர்.

நன்றிப் பகுதியில் இரண்டே வரிகள் எழுதினேன். என் பெயரை சார் "துறை ஊழியர்" என்று எறும்பு எழுத்தில் போட்டார். நான் அப்படிச் செய்யவில்லை. முழுப் பெயரும் பட்டமும் போட்டிருக்கிறேன், உலகத்தில் யார் படித்தாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

பூரணிக்கு.

பெண்களுக்கான கழிவறையைப் பதினாறு ஆண்டுகள் பூட்டி வைத்த டாக்டர் இ. நல்லபெருமாளுக்கு.